எங்கள் ஒரு ஏக்கரும் ‘ஏய்’ என்ற அந்தக் குரலும்

‘சுதந்திரம்’ என்ற சொல்லை என் அப்பாயி வாயால் நான் கேட்டதே இல்லை. அவள் சொல்வது வேறு. “தெருமொனையில கூப்பாடு இல்லாம விடியுது பாரு, அது போதும்.”

கூப்பாடு என்று அவள் சொன்னது காரியக்காரரின் குரலை. மிராசுதாருக்காகப் பண்ணையைக் கவனித்துக்கொள்கிறவரைத்தான் எங்கள் பக்கம் காரியக்காரர் என்போம். இருட்டு விலகும் முன்பே வந்து நின்று “ஏய்!” என்று ஒரு குரல் கொடுப்பாராம். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே கிடையாது. அந்த ஒரு சொல்லுக்கு முப்பது குடிசையிலிருந்தும் ஆணும் பெண்ணும் எழுந்து ஓட வேண்டும். காய்ச்சலில் கிடந்தாலும் சரி, வீட்டில் ஆள் செத்துக் கிடந்தாலும் சரி, நடவு நாளில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தக் குரலைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். புதிதாகக் கையில் ஏதோ ஒன்று கிடைத்தவர்களுக்கு, அது நிலமோ, சொந்தச் சம்பளமோ, ஊராட்சியில் ஒரு பதவியோ, நான் தப்பு செய்து கற்றது கொஞ்சம் உதவலாம்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, காவிரிப் பாசனத்தின் கடைசி முனையான கடைமடையில் இருக்கிறது. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து வெண்ணாறாகப் பிரிந்து, அது மேலும் மேலும் பிரிந்து எங்கள் வாய்க்காலைத் தொட இன்னும் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கதை தலைகீழ். மேலே உள்ள ஊர்களின் வடிகால் எல்லாம் எங்களை நோக்கித்தான் வரும். கேட்கும்போது வராத தண்ணீர், போகச் சொல்லும்போது போகாது. கடைமடையில் பிறந்த யாருக்கும், மேலே இருப்பவர் செய்வது கீழே இருப்பவரை எப்படித் தொடும் என்று தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கே தேவைப்பட்டது.

பள்ளிக்கூடத்தில் சுதந்திரம் என்றதும் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது வேதாரண்யம் கதை. பஸ் ஏறினால் போய்விடும் தூரம், அதனால் எங்களுக்கு அது சொந்தக் கதை மாதிரி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து, 30-ம் தேதி உப்பை அள்ளினார். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன் துரை உத்தரவு போட்டிருந்தார். சனங்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வழியில் இருந்த மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். இந்தக் கதை எனக்கு அப்போதும் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். நடக்காதவர்களும் அந்த நடையைச் சுமந்தார்கள் இல்லையா?

ஆனால் அதே 1930-ல் என் தாத்தாவின் அப்பா பண்ணையாள். தண்டனை என்று சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்த சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த காலம் அது. 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து செங்கொடிச் சங்கம் கட்டிய பிறகுதான் திருப்பிக் கேட்கும் தைரியம் வந்தது என்று தாத்தா சொல்வார். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தெருவைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து போனார்கள். 1969-ல் நியாயக் கூலிச் சட்டம். குடியிருந்த மனை குடியிருப்பவனுக்கே என்று 1971-ல் இன்னொரு சட்டம். 1947-ல் நாட்டுக்கு மொத்தமாக வந்தது எங்கள் தெருவுக்குத் தவணை தவணையாக வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் யாரோ உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கான தவணை 1995-ல் வந்தது. சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-ல் தொடங்கிய லாப்டி இயக்கத்தை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். உழுபவரின் விடுதலைக்கான நிலம் என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். நிலத்தைப் பெண்கள் பெயரில் எழுத வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். அந்தக் காற்று அடித்த காலத்தில்தான் எங்கள் ஊரிலும் ஒரு பண்ணை விலைக்கு வந்தபோது 16 பெண்கள் கடன் வாங்கி ஆளுக்கு ஒரு ஏக்கர் வாங்கினார்கள். என் அம்மாவும் ஒருத்தி.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பத்திரப் பதிவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அம்மா என் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு, “எம்பேரு எழுதக் கத்துக்குடு” என்றாள். கைநாட்டு வைத்தால் போதும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவள் கேட்கவில்லை. அவள் பெயரில் ஒரு ‘ஞ்’ வரும். அந்த எழுத்தின் வளைவு அவளுக்கு மடங்கவே இல்லை. நாற்று முடியைப் பிடிக்கிற மாதிரி பலப்பத்தை முழுக்கையால் பிடிப்பாள், பலப்பம் உடையும். மொத்தம் ஏழு பலப்பம் உடைந்தது. பதிவு நாளன்று ‘ஞ்’ போட வேண்டிய இடத்தில் பேனாவை நிறுத்தி, மூச்சு விட்டு, மெதுவாக எழுதினாள். பின்னால் வரிசை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. வெளியே வந்ததும் தன் வலது கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் மை இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தப் பெண்கள் தங்கள் விடுதலையைக் கொண்டாடிய விதம் ஒன்றுதான். யார் கூப்பிட்டாலும் போகவில்லை. அம்மா காலையில் வாசலில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், ஆறிப்போகும் வரைக்கும் டீயை வைத்துக்கொண்டு குடிப்பாள். அதைப் பார்ப்பதே எனக்கு நிறைவாக இருக்கும்.

வாய்க்கால் வெட்டுக்கும் போகவில்லை என்பதுதான் கோளாறு. “இனிமே எவன் வாய்க்கால நான் வெட்டணும்?” என்றாள். அது எங்கள் 16 ஏக்கருக்கும் தண்ணீர் வரும் வாய்க்கால். பண்ணைக் காலத்தில் வைகாசியில் ஆள் விட்டு வெட்ட வைப்பது காரியக்காரர் வேலை. இப்போது சொல்ல ஆள் இல்லை, யாரும் செய்யவும் இல்லை. அந்த வருஷம் தண்ணீர் ஊர் எல்லை வரை வந்து, கோரையும் ஆகாயத்தாமரையும் அடைத்த வாய்க்கால் வாயில் நின்றுவிட்டது. நாற்றங்கால் எங்கள் கண் முன்னே மஞ்சளாகிக் காய்ந்தது.

அன்று அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. “அந்தாளு நம்மள அடிச்சாரு. ஆனா தேதி எல்லாம் தெரிஞ்சு வச்சிருந்தாரு. அடிய வேணாம்னு சொல்லிட்டோம், தேதிய யாரு எடுத்துக்கிறது?”

அடுத்த வாரமே தினக் காலண்டர் அட்டை ஒன்றின் பின்பக்கம் தேதி எழுதத் தொடங்கினோம். அம்மா சொல்வாள், நான் எழுதுவேன். இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் அதற்கென்று ஒரு அட்டை தொங்குகிறது. வாய்க்கால் வெட்டுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் என்று வைகாசியில் ஒரு தேதி. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு மனு கொடுக்க ஒரு தேதி. எங்கள் பள்ளத்துக்கு சி.ஆர். 1009 மாதிரி நீண்ட நாள் நெல்தான் தாங்கும். அதற்கு 155, 160 நாள் ஆகும் என்பதால் விதை ஊறப்போடும் தேதியை அறுப்பிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரம் இருக்கும்போதே உளுந்து தெளிக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சிக்கல், அதனால் காயவைக்க இரண்டு வெயில் நாள் கையில் வேண்டும். யாரும் அதட்டாமல் இதையெல்லாம் தானாகச் செய்வது, அதட்டலுக்குப் பயந்து செய்வதைவிடக் கடினம். எனக்கு அது வர வெகுநாள் ஆனது.

2014-ல் அம்மா போய்விட்டாள். நிலம் எனக்கும் தம்பிக்கும் சமபாதி. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். “நீதானக்கா பாக்குற, நீயே வச்சிக்க” என்று எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்குத் தமிழில் அதுதான் பெயர். அந்தத் தலைப்பைப் படித்தபோது தொண்டை அடைத்தது. அவன் ஒன்றிலிருந்து விடுபட்டான், அந்தப் பாரம் என் தோளுக்கு வந்தது. அம்மாவின் சங்கக் கடன் பாக்கியை நான் ஏற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தைக்கும் இரண்டு மூட்டை அரிசி திருப்பூருக்குப் போகிறது.

இந்த இடத்தில் பெண்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பி வாயால் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அவர்கள் நல்லவர்களாக இருக்கும்போதே எழுதிப் பதிந்துகொள்ளுங்கள். பதிந்த பிறகு நில உரிமைப் பதிவான சிட்டாவில் பெயர் மாறியிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். என் விஷயத்தில் பெயர் மாறாமலே எட்டு மாதம் கிடந்தது, நான் கவனிக்கவில்லை. அந்த வருஷம் பயிர்க் காப்பீட்டுக்குப் போனபோது பயிர் விவரப் பதிவான அடங்கலில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். ஓடி ஓடிச் சரிசெய்வதற்குள் தேதி முடிந்தது. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான் நம் பங்கு. அந்தச் சின்னத் தொகையைக் கட்டாமல் விட்டதற்கு அந்தப் போகம் முழுவதும் மழைமேகத்தைப் பார்த்தாலே வயிறு கலங்கியது. அதிலிருந்து அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன். நவம்பர் பிறக்கும் முன்பே கட்டிவிடுவேன்.

சரி, நான் செய்த தப்புகளுக்கு வருகிறேன்.

2015 நவம்பர். மூன்று நாளாக மழை விடவில்லை. நட்டு இருபது நாள் ஆன பயிர், நுனி மட்டும் தெரிந்தது. இரவு ஒரு மணிக்கு எழுந்து மண்வெட்டியோடு போனேன். செல்போனை வாயில் கவ்விக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் கிழக்கு வரப்பை இரண்டடி அகலத்துக்கு வெட்டினேன். தண்ணீர் முதலில் நூல் மாதிரி இறங்கியது, அப்புறம் வரப்பு மண்ணையும் அரித்துக்கொண்டு சளசளவென்று ஓடியது. கால் விரல்களுக்கு இடையே இழுப்பு தெரிந்தது. என் நிலம், என் வரப்பு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று மனசு அவ்வளவு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

எனக்குக் கிழக்கே இரண்டு மா நிலத்தை (மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர்) குத்தகைக்கு எடுத்துச் செய்வது பக்கத்துத் தெரு அக்கா. விடிந்து நான் போனபோது அவள் வரப்பில் நின்றிருந்தாள், கையில் வேரோடு பிடுங்கி வந்த பயிர். என் வரப்பு மண் அவள் வயலில் விசிறி மாதிரி பரவி நாற்றை மூடியிருந்தது. மூடாத இடத்தில் பயிர் முழுக்க முங்கிக் கிடந்தது. அவள் சத்தம் போடவில்லை. “தண்ணி எறங்கத்தான் செய்யும் பாப்பா, மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் வரும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்து எம்பக்கம் வடிகால் வாயத் தொறந்து வச்சிருப்பேன்ல?”

ஒரு வார்த்தை. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு போன். அவ்வளவுதான் கேட்டாள்.

பயிர் போன இடத்தை நிரப்பும் வழிநடவுக்கென்று நான் ஓரமாக வைத்திருந்த நாற்றை எல்லாம் அவளுக்குக் கொடுத்தேன். மழை விட்டதும் இரண்டு நாள் அவள் வயலில் இறங்கி நட்டுக் கொடுத்தேன். போதவில்லை. அவளுக்கு அந்தப் போகம் பாதிக்குப் பாதிதான் கண்டுமுதல் ஆனது. குத்தகை நெல் மட்டும் குறையாமல் அளந்தாள். இன்னும் எனக்கு அதை நினைத்தால் கூசுகிறது.

அடுத்த கோடையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வரப்புக்கு அடியில் ஆறு அங்குல பிவிசி குழாய் ஒன்றைப் பதித்தோம். என் பக்கத்து முனையில் மூடி. மழை நாளில் அதைத் திறக்கும் முன் அக்காவுக்கு போன் செய்ய வேண்டும், அவள் தன் வடிகால் வாயைத் திறந்துவிட்டுச் ‘சரி’ என்றால்தான் திறப்பேன். வரப்பை வெட்டுவதே இல்லை. செலவு அதிகமில்லை. எங்கள் 16 ஏக்கரில் இப்போது ஒன்பது வரப்பில் இப்படிக் குழாய் இருக்கிறது. வரப்புத் தகராறில் காவல் நிலையம் வரை போனவர்களுக்கு இதைச் செய்து பாருங்கள் என்று மனசாரச் சொல்வேன்.

இரண்டாவது தப்புதான் பெரியது.

2019 ஐப்பசி. அந்த வருஷம் மேட்டூர் திறந்ததே ஆகஸ்டில், எல்லாருக்கும் ஒரே சமயத்தில் நடவு. ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. நான்கு நாள் அலைந்து பதினான்கு பெண்களைச் சேர்த்திருந்தேன். நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் வானம் இருண்டது. எனக்கு உள்ளே பதைப்பு. கடைசி வரிசையில் ஒரு பெரியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. எங்கள் தெருதான், எனக்குப் பெரியம்மா முறை, அறுபதைத் தாண்டிவிட்டது.

“ஏய்! அங்க என்ன நின்னுக்கிட்டு?” என்று கத்தினேன்.

பெரியம்மா திடுக்கிட்டுக் குனிந்து, “இதோ ஆண்டே” என்றது.

வேண்டுமென்று சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. அந்தக் குரலுக்கு அந்தப் பதில் தானாக வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆண்டை என்று மிராசுதாரைக் கூப்பிட்ட சொல். பதினைந்து இருபது வயதில் நாக்கில் ஏறியது, ஐம்பது வருஷம் கழித்தும் உள்ளேயே இருந்திருக்கிறது. வயலில் யாரும் சிரிக்கவில்லை. நட்டுக்கொண்டிருந்த கைகள் ஒரு நொடி நின்றன. தண்ணீரில் நாற்றுக் குத்தும் சத்தம் நின்றால் வயல் எவ்வளவு அமைதியாகிவிடும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பெரியம்மாவும் தான் என்ன சொன்னோம் என்று புரிந்து என்னை நிமிர்ந்து பார்த்தது. அந்த முகத்தை நான் விவரிக்க விரும்பவில்லை.

வரப்பை விட்டு இறங்கி அதன் பக்கத்தில் நின்று நானும் நட்டேன். மன்னிப்புக் கேட்டேன். “விடு புள்ள, மழ வருதுல்ல, பதட்டம்” என்றது. அது விட்டுவிட்டது. என்னால் முடியவில்லை. காரியக்காரரின் குரலை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அப்பாயி சொல்லித்தான் தெரியும். அது எப்படி என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்தது? பல நாள் யோசித்தேன். நிலமும், அவசரமும், அடுத்தவரின் ஒரு நாளும் என் கையில் சேர்ந்து இருந்தால் அந்தக் குரல் யாருக்கும் வரும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நல்ல குடும்பம், கஷ்டம் தெரிந்தவள், போராட்டத்தில் வந்த நிலம் என்பதெல்லாம் அதைத் தடுக்காது. நாமேதான் தடுக்க வேண்டும், ஒவ்வொரு நடவுக்கும்.

அதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகள் சில உண்டு. நடவுக்கு முந்தின நாள் மாலை என் மகள் நோட்டை எடுத்துக்கொண்டு எல்லாருடைய பெயரையும் கேட்டு எழுதுவாள். முதல் தடவை ஒரு அக்கா தன் பெயரைச் சொல்ல யோசித்தாள். “இன்னாரு அம்மான்னுதான் எல்லாரும் கூப்புடுவாங்க” என்று சிரித்தாள். வயலில் யாரைக் கூப்பிட்டாலும் பெயரும் முறையும் சொல்லித்தான் கூப்பிடுவேன். பெயரைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அதட்டல் வராது, நாக்கு ஒத்துழைக்காது. செய்து பார்த்தால் தெரியும். கூலி எவ்வளவு, எத்தனை மணி வரை வேலை என்பது முந்தின நாளே பேசி முடிவாகும். அன்றைய கூலி அன்றைக்கே, கரையேறும் முன்பே கையில். நாற்றுப் பறிக்கும்போது ஆணும் பெண்ணும் ஒரே வேலையைச் செய்கிறார்கள், அதனால் ஒரே கூலி. சமவேலைக்குச் சமகூலி என்று 1976-லேயே சட்டம் வந்தும் எங்கள் பக்கம் இதைச் சொன்னால் இன்றும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் உண்டு. பிறகு ஒன்று, இதைப் பெண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை: மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கீற்று வைத்து ஒரு மறைப்பு கட்டினேன். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்த காலம் என் அம்மாவுடையதும்தான். மறைப்பு இருந்தால் குடிப்பார்கள்.

இன்னொன்றும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. “நாளைக்கி நூறு நாள் வேலை இருக்கு, வர முடியாது” என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். இப்போதும் சுருக்கென்றுதான் இருக்கிறது. அப்போது அம்மா வாசலில் உட்கார்ந்து ஆறவிட்டுக் குடித்த டீயை நினைத்துக்கொள்கிறேன். வராமல் இருக்கும் உரிமைக்காகத்தானே அத்தனை பேர் அடி வாங்கினார்கள். அது எனக்கு எதிராகத் திரும்பும்போது மட்டும் கசந்தால் எப்படி?

நிலத்தை என்ன செய்வது என்பதிலும் இந்தச் சிக்கல் வந்தது. சில வருஷத்துக்கு முன் ஒரு தரகர் வந்து, இறால் குட்டை வெட்ட மூன்று வருஷக் குத்தகைக்கு நிலம் கேட்டார். நெல்லில் கனவிலும் வராத தொகை. எங்களில் நான்கு பேருக்கு ஆசை. உப்புத் தண்ணீர் கசிந்தால் பக்கத்து நிலமும் குடிதண்ணீரும் போகும் என்பது இந்தக் கரையோரத்தில் எல்லாரும் கண்டது. இதே ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு விளைநிலத்தை இறால் குட்டையாக்க அனுமதியும் கிடையாது. தரகர் “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்றார்.

கோயில் வாசலில் கூடினோம். ஒருத்தி அழுதுகொண்டே, “எம்பொண்ணு கல்யாணம் நிக்குது. எந்நெலம், நான் என்னா வேணா செய்வேன். நீங்களா பணம் தருவீங்க?” என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்தவருடைய உரிமையில் குறுக்கே நிற்கிறவர்கள் அவருடைய கஷ்டத்தில் கொஞ்சத்தையாவது தூக்க வேண்டும். குட்டை வேண்டாம் என்று தடுத்தோம், அதற்கு ஈடாக மகளிர் குழுக் கடனில் முதல் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தோம், ஆளுக்குக் கொஞ்சம் கைமாற்றும் கொடுத்தோம். கல்யாணம் நடந்தது. பாக்கி இன்னும் கொஞ்சம் வர வேண்டியிருக்கிறது, வரும்.

கிராம சபையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியில் ஓட்டு உள்ள யாரும் போகலாம், பேசலாம். எங்கள் வடிகால் தூர்வாரக் கேட்டு இரண்டு தடவை வாயால் மட்டும் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை எழுதிக் கொண்டுபோய் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். அடுத்த கோடையில் இயந்திரம் வந்தது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். என் அம்மா ஏழு பலப்பம் உடைத்துக் கற்ற கையெழுத்து அது. உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது இருந்திருப்பார்கள்.

போன கார்த்திகையில் ஒரு இரவு, மழை சரம் பிடித்துக்கொண்டது. குழாய் மூடியைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். அக்காவுக்கு முட்டிவலி, அந்த நேரத்தில் எழுப்ப மனம் வரவில்லை. விடியட்டும் என்று விட்டேன். இரண்டு மணி இருக்கும், போன் அடித்தது. அக்காதான்.

“எம்பக்கம் வடிஞ்சிருச்சு பாப்பா, வாயத் தொறந்துதான் வச்சிருக்கேன். நீ போயி உந்தண்ணிய விடு. பாத்துப் போ, வரப்பு வழுக்கும்.”